அசுணத்துக்குச் செண்டை மேளம்

1

நான் இருக்கும் ஊரில் ஞாயிற்றுக்கிழமையன்று காலிக் கண்ணாடிப் புட்டியைத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூடாது. போட்டால் டங்கென்று சத்தம் வரும். சத்தம் வந்தால் எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரியும். அந்தத் தலை எதுவும் சொல்லாது, பார்க்கும், அவ்வளவுதான். ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊர் இது. வந்த புதிதில் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்ததைக் கேட்டுக் கீழ்வீட்டு அம்மாள் மேலேறி வந்து, ஏதாவது விபத்தா என்று விசாரித்தாள். சாம்பார் என்றேன். விபத்தாகவே இருந்திருக்கலாம் என்ற முகத்தோடு இறங்கிப் போனாள்.

இப்படிப்பட்ட ஊரில் எனக்குச் சோறு போடுவதும் சத்தம்தான். கார் பிரேக் செய்யும் கம்பெனியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறைக்குள் உட்கார்ந்து, பிரேக் எங்கே கிறீச்சிடுகிறது என்று அளந்து, அதை அடக்க வழி சொல்வது என் வேலை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறி மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான். அங்கே பிரஸ் மெஷினுக்குப் பாதிக் காதைக் கொடுத்தேன். மீதிக் காதை வைத்துக்கொண்டு இங்கே சம்பாதிக்கிறேன்.

பழந்தமிழ்ப் பாட்டுகளில் அசுணம் என்று ஓர் உயிர் வரும். யாழிசை கேட்டால் மயங்கி, மறைவிடத்தை விட்டு வெளியே வந்து நிற்குமாம். அந்த நேரம் பார்த்து வேடன் பறையை ஓங்கி அடிப்பானாம். சத்தம் பொறுக்காமல் அது விழுந்து செத்துவிடும். பறவையா விலங்கா என்று புலவர்களுக்கே தெளிவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெளிவு. அந்த உயிர் நான் இருக்கும் ஊருக்கு வந்திருந்தால் கிழடு தட்டிப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கும். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த அசுணத்தைச் சுவரில் வரைந்து என் அண்ணன் ஒரு விழா எடுத்தான். இங்கே எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

2

முதலில் அம்மாவைச் சொல்லவேண்டும்.

அம்மா தாம்பரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தே பணிக்காலத்தை முடித்தவள். ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் ஒலிபெருக்கி, எதிரே சில்லறை இல்லாத ஜனம். கண்ணாடியில் இருந்த அந்தச் சின்னத் துளை வழியாக அவள் போடும் அதட்டல் வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் போகும். வீட்டிலும் அதே வாய்தான். யாரையும் எதையும் அவள் சும்மா விட்டதில்லை. நான் முதல் மார்க் வாங்கி வந்தபோது, "மத்தவங்கள்லாம் தூங்கிட்டாங்களா?" என்றாள். என் கல்யாணப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை நன்றாக இருக்கிறான், பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டாள். எனக்கு இருக்கும் வாய்க்கொழுப்பு அவள் கொடுத்த சீதனம். வேறெதையும் நான் அவளிடமிருந்து இவ்வளவு பத்திரமாகக் கொண்டு வரவில்லை.

போன கோடையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தலைக்குள் ரத்தம் கட்டி, அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டாள். கை கால் விளங்கியது, பேச்சும் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சில் அம்மா இல்லை. சாப்பிடுறியா என்றால் சரி. படுத்துக்கோ என்றால் சரி. ஜன்னலை மூடட்டுமா என்றால் அதற்கும் சரி. என் அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. சுபாவம் கொஞ்சம் மாறலாம், பழையபடி திரும்பினாலும் திரும்பலாம், சில வாரங்களுக்குச் சத்தம், கூட்டம் வேண்டாம் என்றார் டாக்டர்.

சத்தம் என்றால் அது என் துறையாயிற்றே. ஜெர்மனியில் உட்கார்ந்தபடி தாம்பரத்து வீட்டை என் பஞ்சு அறையாக்கினேன். காலிங் பெல்லைக் கழற்றச் சொன்னேன். குக்கரை ஒழித்து வடித்த சோறு என்றேன். டி.வி.யை ஊமையாக்கினேன். பார்க்க வருகிறவர்களைப் படியிலேயே பேசி அனுப்பச் சொன்னேன். வீடியோ அழைப்பில் பின்னால் ஏதாவது விழுந்தால், "அது என்ன சத்தம்?" என்பேன். "கரண்டி," என்பாள் அண்ணி. பாவம், மெதுவாகத்தான் சொல்வாள். வாரங்கள் என்று டாக்டர் சொன்னதை நான் மாதங்களாக்கினேன். தினமும் பேசினேன். அம்மா தினமும் சரி என்றாள்.

அந்த வாய் திரும்பி வரவேண்டும். ஒரே ஒரு தடவை என்னை ஏசினால் போதும். வேண்டுதல் என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

3

அண்ணன் மோகன் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். வேலைக்குப் போகிற இடத்தில் யாரும் அவனைக் கேட்டு எதுவும் செய்வதில்லை. ஆகவே குடியிருப்பில் அவனைக் கேட்காமல் ஒரு குழாயும் ஒழுகக்கூடாது. சங்கத்துக்கு வெள்ளி விழா வந்தது. காம்பவுண்டுச் சுவரில் சங்க காலத்து உயிர் ஒன்றை எல்லாக் குடும்பமும் சேர்ந்து வரைவது என்று தீர்மானித்தார்கள். யானை, மயில் என்றால் யார் வேண்டுமானாலும் வரையலாம், யாரும் பார்த்திராததுதான் நம் குடியிருப்புக்குத் தகுதி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்தக் குடியிருப்பில் தினமும் தண்ணீர் வருவதையும் யாரும் பார்த்ததில்லை.

வாட்ஸாப் குழுவில் என்னையும் சேர்த்தான். டல்லாஸ், துபாய், சிட்னி என்று வெளியே போன பிள்ளைகள் எல்லோரும் அதில் இருந்தோம். ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஊர்ச் சுவர்மேல் வரும் அக்கறை இருக்கிறதே, அதை ஒரு தொட்டியில் பிடித்துவைத்தால் கோடை முழுக்கக் குளிக்கலாம். முதல் வாரமே ஆளாளுக்குச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு அசுணத்தின் படத்தை வாங்கிப் போட்டார்கள். எல்லாம் ஒரே அச்சு. நீலமாக மின்னும் கண், தங்கக் கொம்பு, பின்னால் நிலா. ஏதோ செல்போன் கம்பெனி விளம்பரம் போல இருந்தது. டல்லாஸ்காரர் தன் படத்தின் கீழே "நம் வேர்கள்" என்று எழுதியிருந்தார். அவர் அனுப்பிய அசுணத்துக்கு ஐந்து கால்கள் இருந்ததை அவர் பார்க்கவில்லை.

பிறகு கூட்டம், தீர்மானம், மறு கூட்டம். அசுணம் தெற்கே பார்த்து நிற்கக்கூடாது என்றார் வாஸ்து தெரிந்த ஒருவர். கும்பிடுகிற மாதிரி ஆகிவிடக்கூடாது, பொட்டு கிட்டு வேண்டாம் என்றார் மூன்றாம் மாடி டேனியல் சார். அதில் நியாயம் இருந்தது, ஆகவே அதைப் பற்றி மட்டும் அரை நாள் பேசினார்கள். எந்த இரண்டு நிறம் பக்கத்தில் வந்தாலும் எந்தக் கட்சி என்று கேட்பார்கள் என்றார் பொருளாளர். கடைசியில் யாருக்கும் யார்மேலும் நம்பிக்கை இல்லாத இடத்தில் வழக்கமாக என்ன நடக்குமோ அதுவே நடந்தது. சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வீட்டுக்கு ஒன்று என்று பங்கு போட்டார்கள். சுண்ணக்கட்டியால் ஒரு கோட்டுருவம், அதற்குள் அவரவர் கட்டத்தில் அவரவர் இஷ்டம். எங்கள் வீட்டுக்குக் காது வந்தது.

"காது உன் பொண்ணு வரையட்டும்," என்று குரல் செய்தி அனுப்பினான் அண்ணன். "நீயும் வந்து அம்மாவப் பாத்த மாதிரி இருக்கும்."

4

விழா பொங்கலை ஒட்டி. இங்கே அப்போது பள்ளி நடக்கும். ஜெர்மனியில் குழந்தையைப் பள்ளி நாளில் விமானம் ஏற்றுவது கிட்டத்தட்டக் கடத்தல். விடுப்புக்கு எழுதினேன். காரணத்துக்குச் சான்று கேட்டார்கள். டாக்டர் சீட்டை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளரின் முத்திரை நீலத்தில் இருக்கிறது, மூலம் எங்கே என்றார்கள். கடைசியில் பிள்ளையின் வகுப்பாசிரியை, பயணத்தால் கல்விக்கு என்ன பயன் என்று ஒரு பத்தி எழுதச் சொன்னாள். பண்டைய இலக்கிய விலங்கு, கூட்டு ஓவியம் என்று எழுதியதும் மறுநாளே அனுமதி வந்தது. சாகக் கிடந்து பிழைத்தவளைப் பார்க்கப் போகிறேன் என்றால் ஆயிரம் கேள்வி, செத்தே போன விலங்கு என்றால் ஒன்றுமில்லை.

மகள் பெயர் இலக்கியா. பத்தாம் வகுப்பு. தமிழ் பேசுவாள், பரிதாபமாக. பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்று நான் அடித்து அடித்துச் சொன்னதில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். தாம்பரம் போய் இறங்கிய அன்று வாசலில் படுத்திருந்த தெருநாயைப் பார்த்து, "மாமா, இவங்க கடிப்பாங்களா?" என்று அண்ணனைக் கேட்டாள். காவலாளி கோதண்டம் சிரித்துச் சிரித்து இருமினார். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இலக்கியா என்று பெயர் வைத்தபோது எனக்கு இருந்த மிதப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அம்மா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முதல் மாடி, ஜன்னலுக்கு நேர் கீழே அந்தச் சுவர். இளைத்திருந்தாள். மொட்டையடித்த தலையில் முடி குட்டையாக முளைத்து நின்றது. "வந்துட்டேம்மா," என்றேன், தாழ்ந்த குரலில். "சரி," என்றாள்.

அவளோடு அந்த வாரம் முழுக்க உட்கார்ந்தது இலக்கியாதான். பேசத் தெரியாதவளும் பேசாதவளும். ஒரு தாளை வைத்துக்கொண்டு அம்மாவின் காதை அப்படியே வரைந்தாள். தோடு போட்டுப் போட்டு நீண்ட துளை, மடல் ஓரத்தில் இருந்த மரு, எதையும் விடவில்லை. பிறகு கீழே போய் அதைச் சுவரில் பெரிதாக வரைந்தாள். சுற்றிலும் மற்றக் கட்டங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டார் குதிரைக்கால் போட்டார்கள். கோவளம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மீன்காரக் குடும்பம் உடம்பு முழுக்கச் செதில் போட்டது. சுவரிலேயே அதுதான் கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. இன்னொரு வீட்டார் இன்னொரு காலை வாத்துக்காலாக்கினார்கள். வாலில் ஒருவர் தன் மகனின் கிரிக்கெட் மட்டையைச் செருகியிருந்தார். ஏன் என்று கேட்டால் அது எங்கள் கட்டம் என்பதுதான் பதில்.

5

விழாவுக்கு முந்தின நாள் அழைப்பிதழைப் பார்த்தேன். சிறப்பு விருந்தினர், சேலையூரில் குடியிருக்கும் சீரியல் நடிகர். அவருக்குக் கீழே கொட்டை எழுத்தில்: கேரள செண்டை மேளம்.

நான் இரண்டு முறை படித்தேன். இந்தப் பக்கத்தில் இப்போது கடை திறந்தாலும் செண்டை, காது குத்தினாலும் செண்டை, ஓய்வு பெற்றாலும் செண்டை என்று எனக்குத் தெரியும். ஆனால் மேளச் சத்தம் கேட்டால் செத்துப்போகும் ஓர் உயிரை ஊர் கூடி வரைந்து, அதைத் திறந்துவைக்க மேளத்துக்குச் சொல்லிவிட்டு வர இவர்களால் மட்டும்தான் முடியும். கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டார்கள். அத்தனை கூட்டத்திலும் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை.

"மோகண்ணா, அது எதனால சாகும்னு உங்க நோட்டீஸ்லயே போட்டிருக்கு," என்றேன்.

"அது பறைம்மா. இது செண்டை," என்றான் அண்ணன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சரி, அசுணத்த விடு. ஜன்னலுக்குக் கீழ அடிக்கப்போறீங்க. மேல யார் இருக்கான்னு நெனப்பு இருக்கா?"

அண்ணி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து நின்றாள்.

"கேன்சல் பண்ணு," என்றேன்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"அம்மாவவிட உனக்கு அந்த சீரியல்காரன் பெருசா?"

அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. கோபத்தையும் கிசுகிசுப்பாகத்தான் காட்டினான், நான் பழக்கிவைத்த வீடாயிற்றே. "நீ அங்கேர்ந்து ஃபோன்ல சத்தம் அளக்கற. ராத்திரி பகல் அம்மாவ எழுப்பி உக்கார வெக்கறது யாரு? உன் அண்ணி வாய்விட்டுச் சிரிச்சு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? நான் கதவ மூடறப்பகூட உன்ன நெனச்சுதான் மூடறேன்."

அவன் சொன்னது நியாயம்தான். அந்த நேரத்தில் அவனை எனக்குப் பிடிக்கவே இல்லை. கடைசியில் கேட்டருகே மட்டும், கொஞ்ச நேரம் மட்டும் அடிப்பது என்று சமரசம் ஆனது. அந்தச் சமரசத்தின் லட்சணம் எனக்குத் தெரியும். என் பெட்டியில் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த காதுக்கவசம் இருந்தது, பிரஸ் மெஷின் பக்கத்தில் போட்டுக்கொள்வது. எடுத்து வைத்தேன்.

6

நடிகர் தாமதம். மேளக்காரர்கள் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்களை எவ்வளவு நேரம்தான் சும்மா நிறுத்துவது?

"யக்கா, மேளம் உள்ள வந்துகினு கீது," என்று கோதண்டம் படியில் நின்று எனக்குத் தகவல் சொன்னார். "கேட்டாண்ட எடமில்லன்னு செகரெட்ரி சார் செவுத்தாண்ட வரச் சொல்லிட்டாரு."

ஜன்னலைச் சாத்தினேன். பால்கனிக் கதவைத் தாழிட்டேன். அம்மாவின் தலையில் காதுக்கவசத்தை மாட்டி, "கொஞ்ச நேரம்தாம்மா," என்றேன். அவளுக்குக் கேட்டிருக்காது. உதட்டைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள்.

முதல் அடி விழுந்தது. கண்ணாடி அதிர்ந்தது. அலமாரியில் மாத்திரை டப்பாக்கள் நகர்ந்தன. என் தொழில் புத்தி அளவை மனதுக்குள் எழுதிக்கொண்டது. எழுதிக்கொண்டு என்ன செய்ய? அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடியிருந்தாள். முகம் சுருங்கியது. எனக்கு அண்ணன்மேல், அந்தச் சங்கத்தின்மேல், அசுணத்தைக் கண்டுபிடித்த புலவன்மேல் எல்லாம் கொலைவெறி வந்தது.

அம்மா என் கையை உதறினாள். இரண்டு கையாலும் காதுக்கவசத்தைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள்.

"என்னடி இது, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. கதவத் தொற."

"அம்மா, தலைக்கு ஆகாது, டாக்டர்..."

"தொறடின்னா."

திறந்தேன். சத்தம் வெள்ளமாக உள்ளே வந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பால்கனிக்கு நடந்து, கம்பியைப் பிடித்து நின்றாள். கீழே வரிசையாகச் செண்டை, நடுவில் இலத்தாளம் என்ற பெரிய ஜால்ரா, முன்னால் ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டியில் அண்ணன். அண்ணி வாசல்படியில் நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இலக்கியா காதைப் பொத்திக்கொண்டு நடுவிலேயே நின்றாள், போகவில்லை.

அம்மா பார்த்தாள். நிதானமாக, இடமிருந்து வலமாக, டிக்கெட் வரிசையைப் பார்க்கிற மாதிரி.

"மோகனப் பாரு. வேட்டி எப்ப அவுரும்னே தெரியல," என்றாள். மேளத்தை மீறி எனக்குக் கேட்டது. "அது என்னடி செவுத்துல? ஒரு கால் குதிரை, ஒரு கால் வாத்து. எப்பிடி நடக்கும் அது? காத மட்டும் யாரோ பாத்துப் போட்டிருக்காங்க. மீதியெல்லாம் கண்ண மூடிக்கிட்டுப் போட்டாங்களா? படிச்சவங்கதான இருக்காங்க இந்த பில்டிங்ல?"

நான் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. சாயங்காலம் அவளுக்குத் தலைவலி வந்தது, வாந்தி எடுத்தாள், டாக்டருக்கு ஃபோன் போட்டு அவரிடம் நானும் அண்ணனும் சேர்ந்து திட்டு வாங்கினோம். மேளம் மருந்து என்று யாரும் இதைப் படித்துவிட்டு எழுதி அனுப்பவேண்டாம். அப்படி எழுதக்கூடியவர்கள் அந்த வாட்ஸாப் குழுவிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் அது சாயங்காலம். அப்போது அவள் கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள். கீழே எல்லோரையும் ஏசி ஆனது. பாக்கி நான்தான்.

"தினம் ஃபோன் பண்றியே," என்றாள், "எழவு வீட்டுல பேசற மாதிரியே ஏண்டி பேசற? நான் இருக்கறப்பவே பழகிக்கறியா?"

இல்லம்மா என்றேன்.

"என்னது?"

மேளம் உச்சத்தில் இருந்தது. வாயை அவள் காதருகே கொண்டுபோனேன். அவள் தலையை நகர்த்திக்கொண்டாள். கிட்டே வராதே, அங்கிருந்தே சொல் என்று கையைக் காட்டினாள்.

இல்லம்மா என்று கத்தினேன். கீழே நின்றவர்களில் பாதிப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பதே மறந்துபோயிருந்தது.